மூடுபனியும் வாடகை வண்டியும்: வில்லியம் கூப்பரின் ஆறுதல் பற்றி

இந்தப் பதிவு மூன்று மாதமாக டிராஃப்டில் கிடந்தது. இப்போதுதான் முடிக்கிறேன்.

போன வருஷம் ஜூனில் எனக்கு வேலை போனது. பதினாறு வருஷம் இருந்த கம்பெனி, பெயர் வேண்டாம். காலை பத்தே முக்காலுக்கு ஒரு வீடியோ கால், பதினோரு நிமிஷம். அதில் நான் பேசியது "ஓகே" என்ற ஒரே சொல். மதியத்துக்குள் லேப்டாப் லாக் ஆகிவிட்டது. அன்றைக்கு அனுப்பப்பட்டவர்கள் நிறைய பேர். ஆனால் மனசு வேலை செய்கிற விதம் விநோதமானது. மற்றவர்களை அனுப்பியது செலவுக் குறைப்பு, என்னை அனுப்பியது மட்டும் நான் லாயக்கில்லாதவன் என்பதால், என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. இந்த "எனக்கு மட்டும்" என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இரண்டு வாரம் ஊரில் அம்மாவோடு இருக்கலாம் என்று போனேன். தூத்துக்குடி மாவட்டத்தில் சின்ன ஊர். வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே வசனத்தை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்: கட்டுகிறவர்கள் தள்ளிவிட்ட கல்தான் மூலைக்கல் ஆனது என்கிற சங்கீதம் 118. சூரியோதயப் படம், கீழே ஒரு புறா. நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினார்கள். எனக்குத்தான் எரிச்சல். "உன்னை அனுப்பிய கம்பெனி ஒருநாள் வருத்தப்படும்" என்ற அர்த்தத்தில் அந்தக் கல்லை என்மேல் எறிகிற மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா விடவில்லை. "ஏய்யா, கோயிலுக்கு வந்துட்டுப் போயேன்." போனேன். அன்று பிரசங்கத்தில் ஐயர் (எங்கள் பக்கம் சர்ச்சைக் கோயில் என்போம், போதகரை ஐயர் என்போம்) ஒரு கதை சொன்னார். வில்லியம் கூப்பர் என்று ஒரு இங்கிலீஷ் கவிஞர். எல்லாராலும் கைவிடப்பட்டதாக உணர்ந்து, உயிரை விட்டுவிடலாம் என்று தேம்ஸ் நதிக்கு வாடகை வண்டி பிடிக்கிறார். லண்டனில் கடும் மூடுபனி. வண்டிக்காரர் மணிக்கணக்கில் சுற்றுகிறார், நதி கிடைக்கவில்லை. கடைசியில் "இறங்கிக்கோங்க" என்கிறார். இறங்கிப் பார்த்தால் தன் வீட்டு வாசல்! தேவனுடைய வழிகள் விளங்காதவை என்று உணர்ந்த கவிஞர், உள்ளே போய் அந்த ராத்திரியே, தேவன் மறைவான வழிகளில் செயல்படுகிறார் என்ற புகழ்பெற்ற பாடலை எழுதுகிறார். கதை முடிந்ததும் திருவிருந்து. அதே கூப்பர் எழுதி நம் பாமாலையிலும் இருக்கிற, இம்மானுவேலின் இரத்த ஊற்றைப் பற்றிய பாடலைச் சபை பாடியது. சின்ன வயசிலிருந்து திருவிருந்து ஞாயிறுகளில் கேட்ட பாட்டு. எழுதியவர் பெயரை அன்றுதான் முதல்முறை கவனித்தேன்.

வேலை இல்லாத மனுஷனுக்கு நேரம் நிறைய. வீட்டுக்கு வந்து அந்த வண்டியைத் தேட ஆரம்பித்தேன்.

கதையில் முதலில் இடிப்பது ஊர். அந்தப் பாட்டை எழுதிய காலத்தில் கூப்பர் லண்டனிலேயே இல்லை. பக்கிங்காம்ஷயரில் ஓல்னி என்ற சின்ன ஊரில் இருந்தார். லண்டனிலிருந்து 50 மைலுக்கு மேல். தேம்ஸுக்கு வண்டி பிடித்தால் மூடுபனி இல்லாமலேயே ஒரு நாள் ஆகும். இதைக் கவனித்த யாரோ சில வடிவங்களில் தேம்ஸை எடுத்துவிட்டு ஓல்னியில் ஓடும் ஊஸ் நதியைப் போட்டிருக்கிறார்கள். ஆனால் ஊஸ் அவர் நடந்து போகிற தூரம்தான். அதற்கு வண்டி எதற்கு?

அதற்காக வண்டி முழுப் பொய்யும் இல்லை. அதுதான் சுவாரசியம். 1763-இல் கூப்பர் லண்டனில் இருந்தார், வயது 31. பிரபுக்கள் சபையில் குறிப்பேடுகளைப் பராமரிக்கும் குமாஸ்தா பதவி அவருக்கு வந்தது. சபை முன்னால் நின்று தேர்வுக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பயத்திலேயே மனம் உடைந்து, பலமுறை தற்கொலைக்கு முயன்றார். அதில் ஒருமுறை வண்டி பிடித்து தேம்ஸ் கரைக்குப் போனதும் உண்மை. அவரே தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அவர் இறந்து பல வருஷம் கழித்து 1816-இல் அது வெளியானது. வண்டிக்காரர் சரியாகத்தான் கொண்டுபோய் விட்டிருக்கிறார். பனியும் இல்லை. ஆனால் நதியில் தண்ணீர் இறங்கியிருந்தது. கரையில் மூட்டைகளின் மேல் ஒரு சுமைக்கூலி உட்கார்ந்திருந்தார். தன்னைத் தடுக்கவே அவர் அங்கே இருப்பது போல் தோன்றியதாக கூப்பர் எழுதுகிறார். திரும்பி வண்டிக்கு வந்துவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். நிஜத்தில் அவரைத் திருப்பியதில் பாதி, சும்மா உட்கார்ந்திருந்த ஒரு கூலித் தொழிலாளி. கதை அந்த மனுஷரை எடுத்துவிட்டு அங்கே பனியை வைத்துவிட்டது. அதோடு இரண்டு சம்பவங்களுக்கு நடுவில் இருந்த ஏறத்தாழ பத்து வருஷத்தை ஒரே ராத்திரியாகச் சுருக்கிவிட்டது.

பாட்டு எழுதப்பட்ட நேரம் இன்னும் முக்கியம். அதற்கு அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1731-இல் பிறந்தார். ஆறு வயதில் அம்மா இறந்துபோனார். அனுப்பப்பட்ட விடுதிப் பள்ளியில் ஒரு பெரிய பையன் அவரைத் தேர்ந்தெடுத்துச் சித்திரவதை செய்தான். நிமிர்ந்து முகத்தைப் பார்க்கப் பயந்து, அவனுடைய ஷூவின் பக்கிள்களைத்தான் தனக்கு நன்றாகத் தெரியும் என்று கூப்பர் பிற்பாடு எழுதினார். (இந்த ஒரு விவரத்துக்காகவே அந்தக் குறிப்பைப் படிக்கலாம்.) வாலிபத்தில் சித்தப்பா ஆஷ்லியின் மகள் தியோடோராவை விரும்பினார். சித்தப்பா மறுத்துவிட்டார். இருவருமே கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. பிறகு 1763-இன் உடைவு. செயின்ட் ஆல்பன்ஸில் நத்தானியேல் காட்டன் என்ற மருத்துவரின் மனநல விடுதியில் இருந்தபோது, 1764-இல் ரோமர் நிருபம் மூன்றாம் அதிகாரத்தை வாசித்து மனம் மாறினார். அடுத்த எட்டு ஒன்பது வருஷங்கள்தான் அவர் வாழ்க்கையிலேயே வெளிச்சமான காலம். ஹண்டிங்டனில் அன்வின் என்ற குடும்பம் அவரைத் தங்கள் வீட்டில் சேர்த்துக்கொண்டது. குடும்பத்தலைவர் 1767-இல் குதிரையிலிருந்து விழுந்து இறந்தபின், அவர் மனைவி மேரி அன்வினும் கூப்பரும் ஓல்னிக்கு இடம் மாறினார்கள். காரணம், அங்கே போதகராக இருந்த ஜான் நியூட்டன். முன்பு அடிமைக் கப்பல் கேப்டன், பின்பு பிரசங்கியார். இருவரும் சேர்ந்து ஊர் ஜெபக்கூட்டங்களுக்காகப் பாடல் எழுதினார்கள். 1779-இல் ஓல்னி பாடல்கள் என்று தொகுப்பாக வந்தபோது அதில் 348 பாடல்கள். கூப்பருடையவை 67 அளவில்தான்.

ஏன் அவ்வளவு குறைவு? 1773 ஜனவரி தொடக்கத்தில் அவர் மறுபடி உடைந்தார். நியூட்டனின் உலகப் புகழ்பெற்ற கிருபைப் பாடல் ஓல்னியில் முதல்முதலாக வந்தது அந்த வருஷப் பிறப்பன்று. கூப்பரின் "மறைவான வழி" பாடலும் அந்த உடைவுக்குக் கொஞ்சம் முன்னால் எழுதியதுதான். அதன்பிறகு ஓல்னி தொகுப்புக்கு அவரிடமிருந்து பாடல் வரவில்லை. பிப்ரவரியில் ஒரு கனவு. அதில் லத்தீனில் ஒரு வாக்கியம்: உன் கதை முடிந்தது, நீ அழிந்தாய் என்ற பொருளில். தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்று அன்றைக்கு முடிவு செய்தவர், 1800-இல் சாகும்வரை அந்த முடிவிலிருந்து முழுதாக வெளியே வரவில்லை. கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார்.

அதாவது, பிரசங்கக் கதையில் வரிசை தலைகீழ். தப்பித்தார், அதனால் பாடினார் என்கிறது கதை. நடந்தது: பாடினார், அப்புறம் விழுந்தார்.

இது தேதி திருத்துகிற வேலை மட்டும் இல்லை. பாட்டை எப்படிப் படிப்பது என்பதே மாறிப்போகிறது. நான் செய்தது ரொம்ப எளிய காரியம். பாட்டின் ஆங்கில மூலத்தைத் திரையில் வைத்து, "நான்", "என்", "எனக்கு" என்ற சொற்களுக்குத் தேடல் போட்டேன். ஆறு பத்தி. பூஜ்யம். ஒரு இடத்தில்கூட இல்லை. பாட்டு முழுக்க, பயந்துபோயிருக்கும் விசுவாசிகளைப் பார்த்து, நீங்கள் பயப்படுகிற அந்த மேகம் மழையாகத்தான் பொழியப்போகிறது என்கிற மாதிரியான பேச்சு. முன்னிலை, பன்மை. சாட்சிப் பாடல் என்றால் "எனக்கு நடந்தது" என்று இருக்க வேண்டாமா? ஊற்றுப் பாடலில் அது இருக்கிறது. சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்ளனைச் சொல்லி, அவனைப் போலவே கெட்டவனான நானும் கழுவப்பட்டேன் என்று மூலத்தில் இறந்தகாலத்திலேயே சொல்கிறார். (பிற்காலப் பாட்டுப் புத்தகங்கள் இதை "கழுவப்படலாம்" என்று மாற்றியிருக்கின்றன. ஏனோ.) அந்தப் பாட்டில் தாராளமாக வந்த "நான்", உடைவுக்கு முந்தின பாட்டில் காணாமல் போயிருக்கிறது. ஆறுதல் சொல்லத் தெரிகிறது, அந்த ஆறுதலுக்குள் தன் பெயரை எழுதத் தெரியவில்லை. நான் அப்படித்தான் படிக்கிறேன்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பையும் சொல்லிவிட வேண்டும். கூப்பரின் பைத்தியத்துக்கே காரணம் மதம்தான், நியூட்டனின் கால்வினியக் கண்டிப்புதான் என்று நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள். நான் முதலில் அந்தப் பக்கம்தான் சாய்ந்தேன், எரிச்சலில் இருந்தவன் அல்லவா. ஆனால் கணக்கு உதைக்கிறது. முதல் உடைவு 1763-இல். நியூட்டனைச் சந்தித்தது 1767-இல். இரண்டாவது உடைவில் நியூட்டன் என்ன செய்தார் தெரியுமா? 1773 ஏப்ரலில் கூப்பர் திடீரென்று போதகர் வீட்டில் தங்குகிறேன் என்று வந்தபோது சேர்த்துக்கொண்டார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, 1774 மே வரை. ஒரு வருஷத்துக்கு மேல். வீட்டில் விருந்தாளி ஒரு வாரம் தங்கினாலே நாம் என்ன முகம் காட்டுவோம்!

ஆனாலும் அந்தக் கோட்பாட்டை முழுசாக விடுதலை செய்யவும் எனக்கு மனமில்லை. தேவன் சிலரை முன்குறித்திருக்கிறார் என்று கேட்டுப் பழகிய காதுக்கு, அப்படியென்றால் நான் குறிக்கப்படாதவன் என்ற சந்தேகம் வருவது இயல்பு. நோயை அது உண்டாக்கவில்லை. நோய்க்கு ஒரு அகராதி கொடுத்தது. வேடிக்கை என்னவென்றால், கூப்பரின் முடிவு கால்வினியத்தின்படியே தப்பு. அந்தக் கொள்கையில், ஒருமுறை உண்மையாகத் தெரிந்துகொள்ளப்பட்டவர் இழந்துபோக முடியாது. நண்பர்கள் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அவர் பதில்: விதி சரி, எல்லாருக்கும் பொருந்தும், நான் மட்டும் விதிவிலக்கு. எங்கள் தொழில்பாஷையில் சொன்னால், எல்லா டெஸ்ட் கேஸும் பாஸ், ஒரே ஒரு யூசருக்கு மட்டும் ஃபெயில், அந்த யூசர் நான். இப்படி ஒரு பக் ரிப்போர்ட் வந்தால் நம்ப மாட்டோம். ஆனால் அந்த ஜூன் மாதம் நானும் அதே ரிப்போர்ட்டைத்தான் எனக்கு நானே எழுதிக்கொண்டிருந்தேன். நிராகரிப்பு என்பதற்கு வலி எங்கே இருக்கிறது என்றால், தள்ளப்பட்டதில் பாதிதான். மீதி அந்த "மட்டும்"-இல்.

சரி, இனி இந்த மனுஷரின் எழுத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப்பட்ட இரண்டு இடங்கள்.

முதலாவது, 1785-இல் வந்த நெடுங்கவிதை, 'தி டாஸ்க்'. லேடி ஆஸ்டின் என்ற தோழி, சோஃபாவைப் பற்றிக் கவிதை எழுதுங்களேன் என்று விளையாட்டாகச் சொல்ல, அதில் தொடங்கி ஆறு புத்தகமாக வளர்ந்தது. அதன் மூன்றாம் புத்தகத்தில் திடீரென்று ஒரு சிறு பகுதி. தன்னை அம்பு பட்ட மானாகச் சொல்கிறார். மந்தையை விட்டு விலகிப் போன மான். விலாவில் நிறைய அம்பு. தனியாகச் சாக நிழல் தேடிப் போகிறது. அங்கே ஒருவர் அதைக் கண்டுபிடிக்கிறார். அவரும் வில்லாளிகளால் காயப்பட்டவர். அவருடைய விலாவிலும் கைகால்களிலும் தழும்பு. அவர் அம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஆற்றி, பிழைத்திரு என்கிறார்.

இதை கவனமாகப் படித்தால் மூன்று விஷயம் தெரியும். ஒன்று, ஆற்றுகிறவர் வேடனை ஜெயித்தவர் இல்லை, வேடனிடம் அடிபட்டவர். இயேசுவின் பெயரே அந்த இடத்தில் இல்லை, தழும்புதான் அடையாளம். இரண்டு, பிழைத்த மான் மந்தைக்குத் திரும்புவதில்லை. அதன்பின் ஒதுக்குப்புறக் காட்டில், பழைய கூட்டாளிகள் இல்லாமல், சில பேரோடு மட்டும் இருக்கிறது. திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், தள்ளியவர்கள் வெட்கப்பட்டார்கள் என்ற முடிவே இல்லை. வாட்ஸ்அப் வசனத்தில் எனக்குக் குறையாகப்பட்டது என்ன என்று அங்கேதான் புரிந்தது. அவர்கள் அனுப்பிய ஆறுதல், மந்தை உன்னை மறுபடி கூப்பிடும் என்பது. கூப்பரின் ஆறுதலுக்கு மந்தையின் அனுமதி தேவையில்லை.

மூன்றாவதுதான் சிக்கல். இதை எழுதும்போது, தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்று கூப்பர் நம்பத் தொடங்கிப் பத்து வருஷம் தாண்டிவிட்டது. அம்பு பிடுங்கப்பட்டு ஆற்றப்பட்டதைச் சொல்லும் வரிகள் இறந்தகாலத்தில் இருக்கின்றன. பொய் சொல்கிறாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1764-இல் நடந்தது நடந்ததுதான் என்று அவர் கடைசிவரை மறுக்கவில்லை. இன்றைக்கு எனக்கு அது இல்லை, ஆனால் அன்றைக்கு அது உண்மை என்று எழுத ஒரு தனி நேர்மை வேண்டும். வேலையை விட்டு அனுப்பப்பட்ட ஒருவன், அங்கே இருந்த நல்ல வருஷங்களை நல்ல வருஷங்கள் என்றே சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

அந்த "சில பேர்" யார் என்பதையும் சொல்ல வேண்டும், மனிதர்கள் மட்டும் இல்லை. 1774-இல், இருட்டிலிருந்து கொஞ்சம் தலை தூக்கிய நேரத்தில், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைத்த ஒரு முயல்குட்டி அவரிடம் வந்தது. காட்டு முயல். அப்புறம் மூன்றாயிற்று: புஸ், டைனி, பெஸ். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், மூன்றும் கடுவன்கள். புஸ்ஸுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்து, கூப்பர் பார்த்துக்கொண்டு தேறியபோது, அது நன்றிபோல அவர் கையை நக்கியதாம். டைனி கடைசிவரை பழகவே இல்லை, கிட்டப் போனால் உறுமும், அடிக்கும். டைனி செத்தபோதும் அவர் இரங்கல் கவிதை எழுதினார். முயல் வளர்ப்பைப் பற்றி 1784-இல் 'ஜென்டில்மேன்ஸ் மேகஸின்' பத்திரிகைக்கு ஒரு கடிதமும் எழுதினார். வேட்டையாடப்படுகிற பிராணிகளைத் தேர்ந்தெடுத்துக் காப்பாற்றுகிற ஒருவர்தான் அந்த மானை எழுதியிருக்கிறார். பாடமாக இதைச் சொல்லவில்லை. முயல் பகுதியை விட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது இடம், 1799 மார்ச்சில் எழுதிய 'தி காஸ்ட்அவே'. 66 வரி. மேரி அன்வின் 1796-இலேயே போய்விட்டார். உறவுக்கார இளைஞர் ஜான் ஜான்சன் நார்ஃபோக்கில் வைத்துக் கூப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாம் ஹாங்க்ஸ் படம் ஞாபகம் வந்தால் அழித்துவிடுங்கள், இதில் தீவு கிடையாது. கேப்டன் ஆன்சனின் உலகப் பயணத்தைப் பற்றி 1748-இல் வந்த புத்தகத்தில், கேப் ஹார்ன் பக்கம் புயலில் கடலில் விழுந்த ஒரு மாலுமியைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. நன்றாக நீந்தத் தெரிந்தவன். கப்பலை நிறுத்த முடியவில்லை. கூப்பர் அதைக் கவிதையாக்குகிறார். தோழர்கள் பீப்பாய் எறிகிறார்கள், கூண்டு எறிகிறார்கள், கயிறு எறிகிறார்கள். கப்பல் போயாக வேண்டும் என்று நீந்துகிறவனுக்கே தெரியும், அவர்கள்மேல் அவனுக்குக் கோபமில்லை. ஆனாலும் கைவிடப்படுவது கசக்கிறது. ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கிறான். கடைசியில், எங்கள் இருவருக்குமே புயலை அடக்கும் தெய்வக்குரல் வரவில்லை, அவரவர் தனியாக மூழ்கினோம், நான் அவனைவிட ஆழத்தில் என்று முடிக்கிறார்.

இதில் அந்த "மட்டும்" எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். தன் துக்கத்துக்கு ஒரு ஜோடி தேடித்தான் கவிதையையே எழுதுகிறார், அதைக் கவிதைக்குள்ளேயே ஒப்புக்கொள்ளவும் செய்கிறார். ஜோடி கிடைத்தும் விடுகிறான். "நாங்கள்" என்ற சொல்லையே எழுதிவிடுகிறார். எழுதின கையோடு, அவனைவிட நான் மோசம் என்று அவனையும் உதறிவிடுகிறார். மானுக்குக் கிடைத்த சக காயக்காரர் இங்கே இல்லை. சபைகளில் இந்தக் கவிதையைச் சொல்வதில்லை, சொல்ல முடியாது.

ஆனால் அந்தத் தலைப்பு. கூப்பர் வாசித்த பழைய ஆங்கில வேதாகமத்தில் இந்தச் சொல் ஒரு முக்கியமான இடத்தில் இருக்கிறது: முதலாம் கொரிந்தியர் ஒன்பதாம் அதிகாரத்தின் கடைசி வசனம். மற்றவர்களுக்குப் பிரசங்கித்துவிட்டு நானே காஸ்ட்அவே ஆகிவிடக்கூடாதே என்று பவுல் பயப்படுகிற இடம். ஊருக்கெல்லாம் ஆறுதல் எழுதிவிட்டுத் தான் வெளியே நின்ற மனுஷருக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடையாது. நம் தமிழ் பழைய மொழிபெயர்ப்பை எடுத்து அந்த வசனத்தைப் பார்த்தேன். அங்கே இருக்கிற சொல் "ஆகாதவன்". எங்கள் ஊரில் இன்றைக்கும் புழங்குகிற சொல்தான்.

உடனே அந்த வாட்ஸ்அப் கல் ஞாபகம் வந்தது. அந்தக் கல்லைக் கட்டுகிறவர்கள் தள்ளியது எப்படி? தமிழில் "ஆகாது" என்று தள்ளினார்கள். அதே சொல்! கிரேக்கத்தைத் தேடினேன். பவுல் சொல்வது அடோகிமோஸ். கல்லைத் தள்ளியதற்குச் சுவிசேஷங்களில் இருக்கிற வினை அதே வேரிலிருந்து வருவது. நாணயத்தையோ உலோகத்தையோ உரசிப் பார்த்து, தேறாது என்று ஒதுக்குகிற அர்த்தம். (எங்கள் க்யூஏ டீமுக்கு நன்றாகப் புரியும்.) ஆங்கிலத்தில் கல்லுக்கு ஒரு சொல், பவுலுக்கு வேறு சொல் என்று பிரிந்துவிட்டதால் உறவு தெரியாமல் போகிறது. தமிழ் மொழிபெயர்த்தவர்கள் அதைத் தவறவிடவில்லை.

அப்படிப் பார்த்தால் அந்தக் கல்லின் விஷயம், பிற்பாடு மூலைக்கு உயர்ந்தது மட்டும் இல்லை. கிறிஸ்தவ வாசிப்பில் அந்தக் கல் இயேசு. ஆகாதவன் என்று கூப்பர் பயந்த பட்டியலில் முதல் பெயரே அவருடையது. மானின் அம்பைப் பிடுங்கினவரும் அவரே. கூப்பர் ஹோமரை முழுக்க மொழிபெயர்த்து 1791-இல் வெளியிட்டவர், கிரேக்கம் தண்ணீர்பட்ட பாடு. இருந்தும் 66 வரியில் அந்தக் கல் வரவில்லை, கள்ளன் வரவில்லை, தழும்புக்காரர் வரவில்லை. 1785-இல் எழுதிய ஆறுதல் 1799-இல் அவர் கைக்கு எட்டவில்லை. அவர் எழுதி வைத்ததால் எனக்கு எட்டியது, அந்த ஜூன் மாதத்தில். இது நியாயமா என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை. எலிசபெத் பாரெட் பிரௌனிங் 'கூப்பரின் கல்லறை' என்ற கவிதையில், சிலுவையில் இயேசு எழுப்பிய கைவிடப்பட்டவரின் கூப்பாட்டோடு கூப்பரைச் சேர்த்துவைக்கிறார். ஆகவே என் யோசனை முழுக்கப் புதிது என்று மார்தட்ட முடியாது. அந்த "ஆகாதவன்" மட்டும் நம்முடையது.

ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் ஐயரைப் பார்த்து வண்டிக் கதை நடக்கவில்லை என்று சொன்னேன். கோபப்படவில்லை. "தம்பி, கதை பொய்னாலும் பாட்டு மெய்தான?" என்றார்.

"மெய்தான் ஐயா. ஆனா கதைய நம்பி வாறவனுக்குப் பனி வராம போச்சுன்னா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அப்ப வண்டி இல்லாம எப்படிச் சொல்லதுன்னு எழுதிக் குடுங்க, அடுத்த தடவ அதச் சொல்லுதேன்" என்றார். அன்று ராத்திரியே இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். சுமைக்கூலி, ஜனவரி மாதம், நியூட்டன் வீடு, மான், காஸ்ட்அவே எல்லாம் வைத்து. ஒரு மாதம் கழித்து அம்மா போனில் சொன்னாள், ஒரு துக்க வீட்டில் ஐயர் அதைத்தான் பேசினார், மானைச் சொல்லும்போது நாலு பேர் அழுதார்கள் என்று. காஸ்ட்அவேயைச் சொன்னாரா என்று கேட்டேன். இல்லையாம். அந்தப் பத்தியைப் பேனாவால் அடித்துவிட்டு, "துக்க வீட்டுல இது தாங்காது" என்று அம்மாவிடம் சொன்னாராம். அவர் சொன்னதும் சரியாக இருக்கலாம். அடிபட்ட பத்தியைத்தான் இங்கே நீட்டி எழுதியிருக்கிறேன்.